ஹீலாவும் நம் பிள்ளைகளும்

அரபு மொழியில் 'ஹீலா' என்றொரு சொல் உண்டு. திரும்புதல், நிலைமாறுதல் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. உபாயம், சூழ்ச்சி, தந்திரம் என இடத்திற்கேற்பப் பொருள்படும். அதன் பன்மை 'ஹியல்'. பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், விந்தையான கருவிகளைப் பற்றி ஏறத்தாழ கி.பி. 850இல் எழுதிய நூலுக்குக் 'கிதாபுல் ஹியல்' என்றே பெயர் வழங்குகிறது. 1206இல் அல்ஜஸரீ எழுதி முடித்த எந்திர நூலின் தலைப்பிலும் இச்சொல் உண்டு. சட்ட நூலாரோ, சட்டத்தின் சொல்லைக் காத்துக்கொண்டே அதன் கருத்தைக் கடந்து செல்லும் குறுக்குவழிக்கும் இதே சொல்லை வழங்கினர். ஆக, கருவியும் தந்திரமும் ஒரே சொல்லுள் குடியிருக்கின்றன. இன்று வீடியோ கேம் பெட்டிகளின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் காணும்போது அச்சொல்லின் பொருத்தம் நமக்கு நன்கு விளங்குகிறது. பெற்றோர் ஒரு கருவியால் நேரத்தை அளக்கின்றனர். பிள்ளைகள் ஒரு தந்திரத்தால் அந்த அளவைத் தாண்டுகின்றனர்.

இப்பெட்டிகளைச் செய்வோர் பெற்றோரின் கவலையை அறியாதவர் அல்லர். 2017இல் நிண்டெண்டோ சுவிட்ச் வெளிவந்தபோதே பெற்றோருக்கான கைப்பேசிச் செயலியும் உடன் வந்தது. 2018இல் பிளேஸ்டேஷன் 4 பெட்டியில் விளையாட்டு நேரத்தை வரையறுக்கும் வசதி சேர்ந்தது. 2020இல் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கும் குடும்பச் செயலி ஒன்று வந்தது. இவற்றில் நேரத்தைக் குறித்துவிட்டால் காவல் முடிந்தது எனப் பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் சில பெட்டிகளில், நேரம் தீர்ந்ததும் அறிவிப்பு மட்டும் காட்டுவதா, ஆட்டத்தையே நிறுத்துவதா என்பதையும் அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவிப்பு மட்டுமெனில், பிள்ளை அதனைச் சுவரில் ஓடும் பல்லியைப்போல் ஒரு கணம் நோக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வான்.

அடுத்தது இரகசிய எண். பெற்றோர் பெரும்பாலும் தம் பிறந்த ஆண்டையோ வண்டி எண்ணையோ வைக்கின்றனர். வீட்டில் அவற்றை அறியாத பிள்ளை எவன்? பொய்யான பிறந்த தேதி கொடுத்துப் பெரியவர் பெயரில் புதுக் கணக்குத் திறப்பவர் உண்டு. அதைத் தடுக்கவும் சில பெட்டிகளில் வழியுண்டு. அதனைத் தேடிப் படிக்கும் பொறுமை பெற்றோருக்கு இல்லை, பிள்ளைக்கு உண்டு. ஒன்றும் கைகூடாவிடில் அடுத்த தெருவிலுள்ள நண்பன் வீடு இருக்கவே இருக்கிறது.

நம் தங்கையின் மகள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். அவளுடைய கணவர் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். விடுமுறையில் வந்தபோது பன்னிரண்டு வயது மகனுக்கு அத்தகைய பெட்டியொன்றை வாங்கி வந்தார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என வரையறுத்தார். நேரம் தீர்ந்தால் ஆட்டம் நின்றுவிடும். அன்றன்று எவ்வளவு நேரம் ஆடினான் என்ற கணக்கு ஷார்ஜாவிலிருக்கும் அவருடைய கைப்பேசிக்குப் போய்விடும். சில வாரங்களுக்குப்பின் மருமகள் நம்மிடம் வந்து, "மாமா, இவன் சுபுஹுக்கு எழுப்பினால் எழுந்திருப்பதே இல்லை. ஓதுகிற இடத்தில் தூங்குகிறானா?" என்று கேட்டாள். தூங்கினான் என்பது உண்மை. காரணம் பின்னரே தெரியவந்தது. நம் கணக்கில் நாள் மஃரிபில் பிறக்கிறது. அந்தப் பெட்டியின் கணக்கிலோ நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பிறக்கிறது. பிள்ளை மாலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு உறங்கப்போவான். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து மறுநாளுக்குரிய ஒரு மணி நேரத்தையும் ஆடித் தீர்ப்பான். மறுநாள் மாலை, படிப்பில் கவனம் வந்தவனைப்போல் புத்தகத்தை விரித்துக்கொள்வான். விதி மீறப்படவில்லை, உறக்கம்தான் போயிற்று.

உறங்கும் நேரத்தையும் குறித்து, அதன்பின் ஆட்டத்தைத் தடுக்க அச்செயலியிலேயே இடமுண்டு. தந்தை அதனையும் செய்தார். கோபத்தில் நேரத்தையும் பாதியாகக் குறைத்தார். ஒரு வாரத்திற்குள் மகன் இரகசிய எண்ணைக் கண்டுபிடித்துவிட்டான்.

நாம் அவனைத் தனியே அழைத்து, கடிந்துகொள்ளாமல் கேட்டோம். வீட்டிலும் நம்மை ஹஜ்ரத் என்றே அழைப்பவன் அவன். "ஹஜ்ரத், நடு ஆட்டத்தில் நின்றுபோனால் என்னோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் தோற்றுப்போவார்கள். அடுத்த நாள் என்னைச் சேர்க்கமாட்டார்கள்" என்றான். அதில் நியாயம் இருந்தது. சற்றுத் தயங்கிப் பிறகு சொன்னான்: "வாப்பா போன் பண்ணினால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். நான் பேசுவதற்கு முன்னாலேயே பெட்டி சொல்லிவிடுகிறது."

இச்சொல் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மகன் ஆடிய நிமிடங்களின் கணக்கு கடல் தாண்டி நாள்தோறும் தந்தையிடம் போய்ச் சேருகிறது. பள்ளியில் அவன் வாங்கிய மதிப்பெண்ணோ, பட்ட அவமானமோ, நண்பனுடன் வந்த பிணக்கோ போய்ச் சேருவதில்லை. தூரத்திலிருக்கும் தகப்பனுக்குக் கருவி ஓர் ஊன்றுகோல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய இடத்தில் கருவி அமர்ந்துவிட்டால், பிள்ளை கருவியைத்தான் ஏமாற்றுகிறான். தகப்பனை ஏமாற்றுவதாகவே அவனுக்குத் தோன்றுவதில்லை. அஞ்சத்தக்கது அதுவே.

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. அரசுகளே இதில் திணறியிருக்கின்றன. தென் கொரியாவில் 2011இல் ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணையவழி விளையாட்டுகளை ஆடக்கூடாது என்றனர். பிள்ளைகள் பெற்றோரின் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தனர். அதற்குள் விளையாட்டுகளும் அச்சட்டம் எட்டாத கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தன. 2022இன் தொடக்கத்தோடு அச்சட்டம் நீங்கியது. சீனா இன்னும் கடுமையாக நடந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை ஆகிய நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 மணிவரை எனும் விதி 2021இல் வந்தது. பேரப்பிள்ளைகள் பாட்டனார் பாட்டியாரின் கணக்குகளில் ஆடத் தலைப்பட்டனர். டென்சென்ட் நிறுவனம் ஆடுபவரின் முகத்தைச் சோதிக்கும் முறையையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓர் அரசின் கை எட்டாத இடம் பாட்டியின் மடியாக இருந்தது!

அவ்வாறாயின் பூட்டே வேண்டாமா? வேண்டும். விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாத நிலையை ஒரு நோயாகவே உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. 2022 முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. ஆடும் பிள்ளை ஒவ்வொருவனும் நோயாளி அல்லன். எனினும் உறக்கமும் உணவும் படிப்பும் கெடும்போது வாளாவிருத்தல் தகாது. இரவில் பெட்டி பெற்றோரின் அறையில் இருக்கட்டும். இரகசிய எண் பிள்ளையின் ஊகத்திற்கு அப்பாற்பட்டதாக இருக்கட்டும். நேரத்தை மணியால் மட்டும் அளவாமல், "இரண்டு ஆட்டம்" என ஆட்டக் கணக்காலும் பேசி முடிவு செய்யலாம். பிள்ளையையும் அமர்த்தி வகுத்த விதியைப் பிள்ளை தன் விதி என்று கருதுவான். மேலிருந்து விழுந்த விதியை அவன் ஒரு புதிராகவே காண்பான். புதிரை அவிழ்ப்பதில் அவனுக்கு ஈடு யாருமில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கடன் கேட்டு வந்தவர் வாசலில் நிற்கையில், "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனப் பிள்ளையை அனுப்பும் வீடுகளை நாம் அறிவோம். ஹீலாவின் முதற்பாடம் அவ்வாசலிலேயே ஓதிக் கொடுக்கப்படுகிறது. அதன்பின் பெட்டியின் மேல் பழிபோடுதல் முறையன்று.

ஆகவே, பெற்றோர் அன்பர்கள் இன்றிரவு செயலியைத் திறந்து கணக்குப் பார்க்குமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்: "இன்று என்ன ஆடினாய்? யார் வென்றது?" அவன் பதில் சொல்லத் தொடங்கினால், இடைமறிக்காமல் இறுதிவரை கேட்கட்டும்.