மத்தியானம் மூணு மணிக்கு என்ன செய்வாங்க?

கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு நின்றால், இந்தப் பக்கத்து வேலைகள் எல்லாம் வண்டியேறிப் போவதைப் பார்க்கலாம். ராஜபாளையத்து மில்களுக்கு ஒரு வேன். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்கு ஒரு வேன். எட்டு மணிக்கு மேல் பல்கலைக்கழகத்துக்கு வரிசையாகப் பேருந்துகள் வந்து சேரும். அப்பா இருபத்தெட்டு வருடம் மில் வேனில் போனார். நான் கொஞ்ச காலம் போகாத வேலை இல்லை.

போன வருடம் தங்கச்சி பிளஸ் டூ முடித்தாள். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். அப்படி ஒன்றுக்குப் போய்விட்டுப் படிப்புகளின் நீண்ட பட்டியலோடு வந்தாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "அண்ணே, இதுல எல்லாம் படிப்பு பேரு இருக்கு, சம்பளம் இருக்கு. வேலைக்குப் போனா மத்தியானம் மூணு மணிக்கு என்ன செய்வாங்கன்னு எதுலயுமே இல்லையே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நாலு மாதம் இருந்தேன். நூல் தீர்ந்த தாரை மாற்றுவதும், அறுந்த பாவை முடிச்சுப் போடுவதும்தான் வேலை. மூணு மணிக்குத் தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கையால்தான் பேசுவோம். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. காரத்தில் வேகவைத்து வெளுத்தால்தான் அது போகும், துணியும் ரத்தத்தை உறிஞ்சும். அதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் இடத்தில் ஒரு தீபாவளி சீசன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். சேர்மானம் பாலும் சர்க்கரையும் மட்டும். ஆனால் கரண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடிபிடித்துவிடும். மூணு மணிக்கு அடுப்பு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் பால்கோவா வாசனையே ஆகவில்லை.

இப்போது ஒரு மில்லின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். நூலின் கவுண்ட் பார்க்கிற வேலை. நாற்பதாம் கவுண்ட் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அரைக்கிலோகூட இல்லாத பஞ்சில் முப்பது கிலோமீட்டர் நூல்! நம்ம ஊரிலிருந்து ராஜபாளையம் போய்ச் சேர்ந்தும் மிச்சம் இருக்கும். மூணு மணிக்கு நான் நூல் சுற்றி, எடை போட்டு, எழுதுகிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படியொரு வேலை இருக்கிறதென்றே பள்ளியில் யாரும் சொன்னதில்லை.

தங்கச்சி அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க என்னப்பா செய்வீங்க, மில்லுல?"

இத்தனை வருடத்தில் நானும் இதைக் கேட்டதில்லை. 'அப்பா மில்லுக்குப் போறாரு', அவ்வளவுதான். பெரும்பாலும் முழு நைட். பகலில் அவர் தூங்குவார், நாங்கள் கிசுகிசுவென்று பேசி வளர்ந்தோம்.

அவளுக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஸ்பின்னிங் சத்தம் அப்பாவின் காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையை மேலே தூக்கி இல்லாத ஒரு நூலைப் பிடித்தார். "இழை அறுந்துக்கிட்டே இருக்கும். பாபின்ல நுனியத் தேடி எடுத்து, மேல ரோலர்ல வர்ற பஞ்சுல இப்படித் தொட்டு விடணும். ஓடிக்கிட்டிருக்கும்போதே. ஒட்டிக்கிரும். அடுத்ததுக்கு நடக்கணும். எட்டு மணி நேரமும் நடைதான்." விரல்கள் தானாக நாலைந்து தடவை ஒட்டின.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தங்கச்சி நர்சிங் என்றாள். அம்மா உடனே எழுந்தாள். "ராத்திரி வேலையா? பகல்ல தூங்குற மனுசனோட நான் பட்டது போதாதா? டீச்சருக்குப் படி."

மறுநாள் எங்கள் தெருவில் இருக்கும் நர்ஸ் அக்காவிடம் அவளைக் கூட்டிப் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பி.எஸ்சி. நாலு வருடம், டிப்ளமோ என்றால் மூன்று. கூடவே ராத்திரி டியூட்டி, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதில் இடுப்புவலி, பக்கம் பக்கமாக எழுத்து வேலை. "செத்தவங்களத் துடைச்சுவிடுறதும் நாமதான்" என்றார். தங்கச்சி முகம் வெளுத்துவிட்டது. வீடு வரைக்கும் வாயே திறக்கவில்லை. மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மாவிடம் சொன்னாள்: "அப்பா தெரியாமப் போனாரும்மா. நான் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. இப்போது அவள் முதலாமாண்டு படிக்கிறாள். விடுதியிலிருந்து பேசும்போதெல்லாம் அம்மா சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரிப்பாள். போன வாரம் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏத்தா, மூணு மணிக்கு என்ன செஞ்ச?"