அரிசிக் கப்பலுக்கு அப்புறம்

இன்னிக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துல ஒரு பொடியனைப் பார்த்தேன்.
ரெண்டு கம்பிக்கு நடுவுல, கால்ல காலிப்பர் மாட்டி நடந்து பழகுறான்.
முழங்கால் பட்டை இறுக்கம் போல. பயிற்சி கொடுக்குற அக்கா தரையில உட்கார்ந்து, அவிழ்த்து, தளர்த்திக் கட்டினாங்க.

உடனே இலங்கையில போர் நடந்த வன்னி ஞாபகம்தான் வந்துச்சு.

2022 மே 18. அரிசி, பால்மாவு, மருந்தோட சென்னையில இருந்து இலங்கைக்கு முதல் நிவாரணக் கப்பல் போச்சு. போர் முடிஞ்ச முள்ளிவாய்க்கால் நினைவு நாள் அது. நெஞ்சு நிறைஞ்சுது.

ஆனா 2009-ல அந்தப் போர்ல கால் போன பிள்ளைக்கு ஒரு தடவை செயற்கைக் கால் கொடுத்தா போதுமா?
பிள்ளை வளரும். கொடுத்த கால் வளராது.
மாத்திக்கிட்டே இருக்கணும். பக்கத்துலயே பட்டறை வேணும், தெரிஞ்ச ஆள் வேணும்.

இங்க அது பக்கத்துலயே இருக்கு: 1975-ல கடற்படைத் தேர்வுல அடிபட்டு கழுத்துக்குக் கீழ செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா, 1981-ல நம்ம ஆய்க்குடியிலயே இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சார். பெருநகரம் தேடிப் போகல.

ஈழத்துக்கு உதவுற நண்பர்களே,
அடுத்த தடவை பணம் அனுப்பும்போது ஒண்ணு கேளுங்க: ரிப்பேர் பார்க்க அங்க ஆள் இருக்காங்களா?
இல்லைன்னா, அந்த ஆளைப் படிக்க வைக்கவும் கொடுங்க.