இருதயத்தின் கணக்கேடு

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் பலரும் எழுதுமாறே, மரநிழலையும் மாலை விளையாட்டையும் ஆசிரியர் கைப்பிரம்பையும் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். அவை நினைக்க இனியவை, எழுதவும் எளியவை. ஆயின் அதன்பொருட்டுப் பழைய மலர்களைப் புரட்டியபோது, 2010ஆம் ஆண்டில் நானே எழுதிய அஞ்சலிக் குறிப்பொன்று கண்ணிற் பட்டது. அதில் ஒரு சொல் பிழை. அச்சுப்பிழை அன்று, பொருட்பிழை. அரசாங்க சேவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் பரிசோதகனாய் இருந்து, பிறர் ஏடுகளிற் பிழை கண்டு குறியிட்டவன் நான். என் எழுத்திலுள்ள பிழையை மட்டும் அப்படியே விட்டுவிடுதல் முறையன்று. அதனைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை.

அக்குறிப்பு என் வகுப்புத் தோழன் ஒருவனைப் பற்றியது. பெயர் வேண்டியதில்லை, எங்கள் காலத்தவர் அறிவர். எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைமை வகித்தவன். நாள்தோறும் ஐந்து மைல் துவிச்சக்கரவண்டி மிதித்துக் கல்லூரிக்கு வந்து, மாலை முழுதும் ஆடி, மறுபடியும் ஐந்து மைல் மிதித்து வீடு செல்வான். அவன் களைத்ததை நாங்கள் கண்டதில்லை. அத்தகையவன் 52ஆவது வயதில், ஒரு விடியற்காலையில், பல் துலக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தான். “திடீரென மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்” என்று எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன். அச்சொல் உண்மையென்றே நம்பி எழுதினேன்.

ஓராண்டு கழிந்தது. அப்பொழுது நான் கொழும்பில் வசித்தேன். 2011ஆம் ஆண்டில் ஒரு நாள் நள்ளிரவுக்குப் பின், நெஞ்சின் நடுவே யாரோ அம்மிக்கல்லை ஏற்றிவைத்தாற் போன்ற பாரம் ஒன்று என்னை எழுப்பியது. உடல் வியர்வையில் நனைந்திருந்தது. வலி இடத்தோளுக்கும் தாடைக்கும் படர்ந்தது. “இஞ்சாருங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்” என்றாள் மனைவி. “வாயுதான், பயப்படாதை” என்றேன். உள்ளியும் இஞ்சியும் இடித்துக் கஷாயம் வைத்துத் தந்தாள், குடித்தேன். சாய்ந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன். இவ்வாறு மூன்று மணி நேரம் வீணாயிற்று. அந்த மூன்று மணி நேரத்தில் என் இருதயத்தசையின் ஒரு பகுதி இறந்துபோயிற்று. இறந்த அப்பகுதி இன்றும் இறந்ததே.

‘வாயு’ என்ற சொல்லை நான் எங்கே கற்றேன்? 1974ஆம் ஆண்டில், எனக்குப் பதினாறு வயதாயிருக்கும்போது, என் தந்தையார் புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருக்கு வயது 51. “வாயு நெஞ்சுக்குள் ஏறிவிட்டது” என்றது ஊர். நாங்களும் அதையே சொன்னோம். சுருட்டு அவர் வாயை விட்டு அகலாதிருந்ததை எவரும் நினைவுகூரவில்லை. தந்தையோ உடன்பிறந்தானோ 55 வயதுக்கு முன் இருதய நோய்க்கு ஆளாகியிருந்தால், அது ஏனையோர்க்கு ஓர் எச்சரிக்கை என்பதைச் சொல்ல அன்று எவரும் இருந்திலர்.

வைத்தியசாலையில் ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள்; அஸ்பிரின் வில்லைகளை மெல்லத் தந்தார்கள்; குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் இளம் வைத்தியர் ஒருவர் கட்டிலருகே அமர்ந்து வினாக்களைத் தொடுத்தார். புகைப்பதுண்டா? இருபத்தொரு வயதில், நண்பருடன் கூடிக் குடியிருந்த விடுதியிற் பழகியது. நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட். குருதியமுக்கம்? நாற்பத்தைந்தாவது வயதில் 150க்கு 95 என்றார்கள், மாத்திரை தந்தார்கள், ஒரு மாதம் விழுங்கிவிட்டு, உடலில் ஒரு குறையுமில்லையென்று நிறுத்திவிட்டேன். சீனி? பரிசோதித்ததில்லை. நடை? வாசலில் பஸ், கந்தோரில் மின்னுயர்த்தி. தந்தையார்? சொன்னேன். எழுதி முடித்து அவர் கூறினார்: “ஐயா, இது நேற்றிரவு வந்த நோயன்று. முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த நோய்.”

பிறர் கணக்கைப் பரிசோதித்தே வயிறு வளர்த்த எனக்கு, என் கணக்கு அன்றுதான் வாசித்துக் காட்டப்பட்டது.

நிற்க. அவர் கூறியதன் பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். மூடிய கையளவான இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடித்து, நிமிடமொன்றுக்கு ஐந்து லீற்றர் குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. தனக்கு வேண்டிய குருதியை முடியுரு நாடிகள் என்னும் ஒடுங்கிய குழாய்கள் வழியே அது பெறுகின்றது. புகையும், உயர்ந்த அமுக்கமும், மிகுந்த சீனியும் அக்குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகின்றன. பழுதான சுவரினுள்ளே கொழுப்பு மெல்ல மெல்லப் படிகின்றது. இருபதுகளிலேயே தொடங்கக்கூடிய இப்படிவு வலியின்றி வளர்கின்றது. ஒரு நாள் அப்படிவின் மேற்படை கிழிய, அவ்விடத்திற் குருதி உறைந்து குழாயை அடைத்துவிடுகின்றது. அந்த இறுதி நிமிடத்தை மட்டுமே நாம் காண்கின்றோம். கண்டதும் ‘திடீர்’ என்கின்றோம்.

இச்சொல்லால் ஏமாந்தவன் நான் மட்டுமல்லன். அமெரிக்க சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் மூளையிற் குருதி கசிந்து இறந்தார். சற்றும் எதிர்பாராதது என்றே அவருடைய வைத்தியர் கூறினார். ஆனால் அவருடைய குருதியமுக்கம் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்து, இறுதிக் காலத்தில் மேல் அளவு 200ஐயும் தாண்டியிருந்தது. வயது ஏற அமுக்கமும் ஏறுதல் இயல்பேயென்று வைத்தியர் பலர் கருதிய காலம் அது. மூன்றாண்டுகளின் பின், 1948இல், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பிராமிங்காம் என்னும் சிறு நகரில் 5,209 ஆடவரையும் பெண்டிரையும் தெரிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்துக் குறித்துவரத் தொடங்கினர். நோயாளர்களை அன்று, நோய் வருமுன் உள்ள மனிதரை ஆராய்ந்ததே அதன் சிறப்பு. 1961ஆம் ஆண்டில் வில்லியம் கனல் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, ‘ஆபத்துக் காரணிகள்’ என்னும் தொடரை வைத்திய உலகில் நிலைபெறச் செய்தது. 1971இல் அம்மக்களின் பிள்ளைகளும், 2002இல் பேரப்பிள்ளைகளும் அவ்வாய்விற் சேர்ந்தனர். தந்தை, மகன், பேரன் என்று ஒரே இடாப்பிற் பெயர் தொடர்வது எமது கல்லூரியார்க்குப் புதிதன்று!

எனினும் மேனாட்டார்க்குப் பொருந்துவது எமக்குப் பொருந்துமோ என்று கேட்போர் உளர். அதற்கும் விடை உண்டு. சலீம் யூசுப் என்னும் இருதய வைத்திய அறிஞர் தலைமையில், எமது நாடும் அடங்கலாக 52 நாடுகளில் நடந்த பேராய்வொன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், பழமும் மரக்கறியும் போதிய அளவு உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் என்னும் ஒன்பது விடயங்களை அது ஆராய்ந்தது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆடவரிடத்து நூற்றுக்கு 90 பங்கும், பெண்டிரிடத்து 94 பங்கும் இவை ஒன்பதாலேயே விளக்கப்பட்டன. மனவழுத்தம் என்ற சொல்லைப் போரையும் இடப்பெயர்வையும் கண்ட எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. முதல் மாரடைப்பு வரும் வயதின் சராசரி தெற்காசியரிடத்து 53. ஏனையோரிடத்து ஏறக்குறைய 59. நான் விழுந்த வயதும் 53. அவ்வெண்ணைப் பிற்பாடு வாசித்தபோது என் பெயரையே அச்சிற் கண்டதுபோல் இருந்தது.

என் தோழன் ஆட்டக்காரனாயிற்றே. அவ்வுடல் அவனை ஏன் காக்கவில்லை? நெடுநாள் என்னை வருத்திய வினா இது. 1953ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸ் என்பார் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறியிறங்கிய நடத்துநர்களிடையே மாரடைப்பு மிகக் குறைவு. இருவரும் ஒரே வண்டியிற் சென்றவர், வேறுபாடு படிகளில். நடத்துநரைக் காத்தது அன்றன்று ஏறிய படியேயன்றி, இளமையில் ஏறிய படி அன்று. உடலுழைப்பு ஆண்டு வட்டிக்கு இடும் நிலையான வைப்பு அன்று. அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவிடும் கூலி. என் தோழன் இருபத்தைந்து வயதில் ஆட்டத்தை விட்டான். முப்பதில் மோட்டார் சைக்கிள் வாங்கினான். கல்லூரி நாட்களில் ஈட்டியது எந்நாளும் இருக்குமென்று அவனும் எண்ணினான், நாங்களும் எண்ணினோம்.

இனி, குறைக்கும் வழி யாது? முதுமையையும் பிறப்பையும் மாற்றல் எம்மால் ஆகாது. ஏனையவற்றுட் பெரும்பாலானவை எம் கையில் உள்ளன. புகைத்தலை விட்ட ஓராண்டுள் அதனால் வந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறையும். பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய றிச்சாட் டொல் முதலியோர், புகைப்போர் சராசரி பத்து ஆண்டுகளை இழப்பதாகவும், 30 வயதில் விட்டோர் அப்பத்தையும், 40இல் விட்டோர் ஒன்பதையும், 50இல் விட்டோர் ஆறையும், 60இல் விட்டோர் மூன்றையும் மீட்பதாகவும் கணக்கிட்டனர். பிந்திச் செலுத்துவோர்க்குங்கூடக் கழிவு தரும் கடன்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குருதியமுக்கம் 140க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நிலைத்திருப்பின் வைத்தியரைக் காணுதல் வேண்டும். தந்த மாத்திரையை நலமாயிருக்கும்போதும் உண்ணுதல் வேண்டும். நலமாயிருப்பதே அம்மாத்திரையால் என்பதை உணராமையே எம்மவர் பலரை வீழ்த்துகின்றது. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் அக்கணக்கிற் சேரும். கிழமைக்கு 150 நிமிடமாயினும் விரைந்து நடத்தல் நன்று. எம் இனத்து ஆடவரின் இடுப்பளவு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்டிரின் அளவு 80 சென்ரிமீற்றருக்கும் மேற்படாதிருத்தல் நன்று.

என் வீட்டில் நிகழ்ந்த மாற்றம் பெரிதன்று. சொதிக்கும் கறிக்கும் முதற்பாலைக் குறைத்தோம். பொரியல் நாள்தோறும் இருந்தது கிழமைக்கு ஒரு நாளாயிற்று. முருங்கையிலைச் சுண்டலும் வல்லாரைச் சம்பலும் இலையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தன. சோற்றின் குவியல் தாழ்ந்தது. இளைப்பாறி ஊர் திரும்பியபின் விடியற்காலையில் வயல் வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றேன். வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்று தலைப்பிட்ட அதிகாரத்திற் பெரிதும் உணவின் அளவைப் பற்றியே பேசியதன் நுட்பம், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதனை மனனஞ் செய்த எனக்கு இப்பொழுதே விளங்கிற்று.

மற்றொன்று. இந்நோய் ஆடவர்க்கே உரியதென்று எண்ணி, மனைவியின் களைப்பையும் மூச்சுமுட்டலையும் முதுகுவலியையும் வேலைக் களைப்பென்று தள்ளிவிடாதீர்கள். பெண்டிரிடத்து மாரடைப்பு அவ்வாறும் வெளிப்படும். நெஞ்சிற் பாரம் தோன்றின் கஷாயம் வேண்டாம்; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அரசாங்க அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். 2011இல் அவ்வசதி எனக்கு இருக்கவில்லை; உங்களுக்கு உண்டு.

இத்துணையும் எழுதிய பின்னும், எழுதத் தயங்கி நின்ற ஒன்று எஞ்சியுள்ளது. என் தோழன் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழைய மாணவர் விருந்தொன்றில் அருகருகே அமர்ந்திருந்தோம். காப்புறுதிக்காகப் பரிசோதித்த வைத்தியர் அமுக்கம் மிகுதியென்று சொன்னதாகவும், மாத்திரையை இரு மாதத்தில் நிறுத்திவிட்டதாகவும் அவன் சொன்னான். “நானுந்தான் நிப்பாட்டிப்போட்டன்” என்றேன் நான். இருவரும் சிரித்தோம். வடையை எடுத்துக்கொண்டோம். ஆகவே ‘திடீரென’ என்று நான் எழுதியபோது, அது திடீரென அன்று என்பதை அறிந்தவர் உலகில் இருவரே. ஒருவர் இறந்தவர், மற்றவர் எழுதியவர். அறிந்தும் அறியாதவனாய் இருந்தேன்.

இளம் பழைய மாணவர்களே! விழா நாளில் எங்கள் பழைய நண்பர்களைக் கண்டு தழுவிக்கொள்ளும்போது, உத்தியோகத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் வினவுகின்றோம். இனி ஒருவரையொருவர் அமுக்கம் எவ்வளவு, மாத்திரை உண்கின்றாயா என்றும் வினவுவோம். நண்பன் சிரித்தால் உடன் சிரியாதிருப்போம். முப்பத்தைந்து வயது தாண்டியோர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அமுக்கத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்வோம். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கேட்பாரில்லை.

என் திருத்தம் இதுவாகும். 2010ஆம் ஆண்டு அஞ்சலிக் குறிப்பில், ‘திடீரென’ என்றிருப்பதை, ‘நெடுங்காலமாக, நண்பர்கள் பார்த்திருக்க’ என்று திருத்தி வாசிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.