நிலவறையில் ஊறிய வழக்கு

"வக்கீலய்யா, பக்கத்து வீட்டுக்காரன் என் வீட்டுக்கடியில குளம் வெட்டிட்டான்!"

பெரியவர் கையில் ஒரு பித்தளைத் தூக்கு. உள்ளே தெளிந்த தண்ணீர். சாட்சியத்தைத் தூக்கில் ஊற்றிக் கொண்டுவந்த கட்சிக்காரர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

மதுரைத் தெப்பக்குளத்துக்கு மேற்கே, காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய பாட்டனார் கட்டிய வீடு. காரைச் சுவர், முற்றத்தில் கிணறு, பின்கட்டில் பதினொரு படி இறங்கினால் நிலவறை. அங்கே அண்டா, குண்டா, சீர்ப் பாத்திரங்கள் இருந்தன. நெல் மட்டும் எப்போதும் மச்சில்தான். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் நிலவறைக்குள் முழங்காலளவு தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக மாடி கட்டி, பொதுச்சுவரை ஒட்டி மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டியிருந்தார். சுவர்த் தகராறு ஏற்கெனவே இருந்தது. குழி கிடைத்ததும் பழைய பகைக்குக் காரணமும் கிடைத்துவிட்டது.

முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தேன். தன் நிலத்தில் கொண்டுவந்து தேக்கியது தப்பிப்போய் அடுத்தவருக்குக் கேடு செய்தால் தேக்கியவரே பொறுப்பு என்று 1868-ல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பே என் ஆயுதம். எதிர்த் தரப்பு சீனியர் அலட்டிக்கொள்ளாமல் 1874-க்கு வந்தார். கார்வேட்நகர் ஜமீனில் கண்மாய்கள் உடைந்து ரயில்வே கம்பெனிக்குச் சேதம். ரைலண்ட்ஸ் விதி இங்கே பொருந்தாது, கண்மாயைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அலட்சியம் நிரூபிக்கப்படாமல் அவர் மீது பழியில்லை என்றது பிரிவி கவுன்சில். "மழைநீர் சேகரிப்பு 2003 முதல் சட்டப்படி கட்டாயம். என் கட்சிக்காரர் கடமையைத்தான் செய்தார்" என்றார் சீனியர். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவையும் படித்தார்: வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரை அவரவர் எல்லைக்குள் சேகரிக்க அவரவருக்கு உரிமை உண்டு.

வராந்தாவில் என் தோளைத் தட்டினார். "தம்பி, நாம வாதாடுற ஐகோர்ட் கிளையே உலகனேரிக் கண்மாய்க்குள்ளதான் நிக்குது. அங்க தண்ணி ஊறினா யார் மேல வழக்குப் போடுவே?"

கோர்ட் ஒரு வக்கீலை ஆணையராக நியமித்தது. அவருடன் வந்த கொத்தனார் டியூப் மட்டம் பிடித்தார். கிணற்று நீரும் நிலவறை நீரும் ஒரே மட்டம். பிரதிவாதியின் குழி ஐந்தடி ஆழம். நிலவறைத் தரை எட்டடி. பத்து நாளாக மழையில்லை. குழி காய்ந்து கிடந்தது. நிலவறைத் தண்ணீரோ ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

கொத்தனார் தண்ணீருக்குள் கடப்பாரையால் தட்டிக்கொண்டே போனார். ஈசான மூலையில் பொக்கென்று ஒலித்தது. "ஊத்துக்குழிய்யா இது. பெரியவுக எறச்சுக்கிட்டு இருந்திருக்காக. பின்னாடி யாரோ சிமெண்டு பூசி மூடிட்டாக."

பெரியவர் தலை குனிந்தார். தெப்பக்குளம் வறண்டு பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடிய காலத்தில், அவரே பூசியது. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தில் இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து தங்குகிறது. சுற்றிலும் கிணறுகள் ஏறின. நிலவறையும் அவற்றோடு சேர்ந்து ஏறியது. பாட்டனாருக்கு இது தெரியும்; அதனால்தான் பித்தளையைக் கீழேயும் நெல்லை மேலேயும் வைத்தார்.

ஊற்றுக்குழியைத் திறந்து சிறு மோட்டார் வைத்தோம். ஒரே மூச்சில் இறைக்க வேண்டாம் என்று கொத்தனார் தடுத்தார். வெளியே மண் நீரில் ஊறி நிற்கையில் உள்ளே சட்டென்று வற்றவைத்தால் பழைய சுவர் உள்வாங்கிவிடுமாம். நாளுக்கு ஒரு படி என்று இறைத்தார்கள்.

இப்படி யாராவது வந்தால், பிராது எழுதும் முன் நானே கயிறும் கல்லுமாகக் கிளம்பிவிடுகிறேன். கிணற்று மட்டமும் நிலவறை மட்டமும் சேர்ந்தே ஏறி இறங்கினால் அது ஊற்று. மழை, வறட்சி எதுவானாலும் மாறாமல் கசிந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். சாக்கடை வாடை இருந்தால் வேறு கதை. ஒரு மாதம் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். வழக்கே தேவைப்படாமல் போகலாம்.

நான் அந்தப் பதினொரு படியை முதன்முதலாக இறங்கியது ஆணையர் வந்த அன்றுதான். வழக்கு வாபஸ் பெறப்பட்டுத் தள்ளுபடியானது. செலவுத்தொகை இல்லை.