டயர் விளக்கும் என் பாதிக் கணக்கும்



மிச்சிகனில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் ஒருநாள் காலை மைனஸ் 10 டிகிரி குளிர். மாப்பிள்ளையின் பழைய பிக்கப் வண்டியில் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. லாடம் போன்ற வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. எந்த டயர் என்று அது சொல்லாது.

"குளிருக்கு அழுத்தம் குறையத்தான் செய்யும் மாப்பிள்ளை, நீங்க ஓட்டுங்க" என்றேன். முப்பது வருஷம் நடத்திய பாடமாயிற்றே!

பின்சீட்டிலிருந்து பேத்தி கேட்டாள்: "எவ்வளவு குறையும் தாத்தா?"

உங்களிடம் நான் கேட்கும் அதே கேள்வி. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கணக்குப் போட்டேன். ஓட்டுநர் கதவை ஒட்டிய சீட்டில் 35 பி.எஸ்.ஐ. என்று இருந்தது. 20 டிகிரி இருந்த நாளில் அந்த அளவுக்குக் காற்று அடித்தாராம். வளிமண்டல அழுத்தம் 14.7-ஐக் கூட்டினால் 49.7. (உங்களில் பாதிப் பேர் மார்க்கை விட்ட இடம்!) அதை 263-ஆல் பெருக்கி, 293-ஆல் வகுத்து, மறுபடி 14.7-ஐக் கழித்தால் சுமார் 30 வரும்.

சக்கரத்துக்குள் இருக்கும் சிறு சென்சார், அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்புகிறது. டயர் கோளாறால் பலர் இறந்த விபத்துகளுக்குப் பிறகு, 2000-இல் வந்த சட்டத்தின் விளைவு இது. சீட்டில் உள்ள அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 35-க்கு அது ஏறத்தாழ 26. குளிர் மட்டும் காரணம் என்றால் 30-இல் நின்றிருக்க வேண்டுமே?

இறங்கி அளந்தோம். மூன்று டயர்களில் 30. பின்பக்க வலது டயரில் 24. அதில் ஒரு ஆணி!

நான் சொன்ன விதி சரிதான். ஆனால் ஒரு காரணம் கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விட்டேன். பேத்தி கேட்காவிட்டால், அவளையும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறியிருப்போம்.

ஒரு சின்ன அழுத்தமானி வாங்கி வண்டியில் வையுங்கள். ஓட்டுவதற்கு முன், டயர் சூடேறாதபோது அளங்கள். விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால், பழுது சென்சார் அமைப்பில். அப்போது அதை நம்பாதீர்கள்.

பேத்திக்கு நூற்றுக்கு நூறு. எனக்கு இந்தத் தடவை பாதி மார்க்தான்.