உறையாத ரத்தம்

பாச்சாங் வீட்டு வாசலில் காய்ந்த இலை சேர்ந்தால் பாட்டிக்குப் பொறுக்காது, துடைப்பத்தை எடுத்துவிடுவார். கெடாவில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், சருகில் கிடந்த விரியனை மிதித்தவர். ஆள் வந்தாலும் நகராது என்பதால் மலாயில் அதற்கு ‘காப்பாக் போடோ’ என்று பெயர். போடோ என்றால் முட்டாள். முட்டாள் பாம்பா, தானா என்று பாட்டி இன்னும் முடிவு செய்யவில்லை.

அதன் விஷம், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் தீர்த்துவிடும். பாட்டிக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்தார்களாம். சாய்த்தபோது தண்ணீராக ஓடியது. இன்று இந்தச் சோதனைக்கு 20 நிமிடம் கணக்கு.

வானொலி நிகழ்ச்சிக்காகப் படித்தபோதுதான் டாக்டர் அலிஸ்டர் ரீட் பற்றித் தெரிந்தது. பினாங்கு பொது மருத்துவமனையில் இருந்தவர். 1963இல் இதே பாம்பின் கடியைப் பற்றி எழுதினார். பிறகு லிவர்பூல் போனார். அங்கே 1977இல் அவரும் சகாக்களும் எலைசா சோதனையால் விஷத்தையே அளக்க வழி கண்டார்கள். தட்டில் ஒட்டிய எதிர்ப்புரதம் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறம் மாறுவதை வைத்து அளவு தெரியும். விஷமுறி மருந்தில் உள்ள எதிர்ப்புரதத்தையும் இப்படி அளக்கலாம்.

அந்த எதிர்ப்புரதத்தைத் தருவது குதிரை. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் குதிரைகளுக்கு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறது.

பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எனக்கு ஏத்துனது குதிர ரத்தத்துல எடுத்ததா? அதுக்கு ஒண்ணும் ஆகலயே?”