எந்தக் கடலில் இறங்குவது?

மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடல் என்றால் எல்லாம் ஒரே கடல்தான். அது நீலமாக இருக்கும், அலை வீசும், காலை நனைத்துக்கொண்டு திரும்பலாம். ஒரு கடலுக்கும் மற்றொரு கடலுக்கும் உள்ள வேறுபாட்டையோ, ஒரே தீவில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள வேறுபாட்டையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்மைக் காலமாகச் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் சங்கத்துக் குடும்பங்கள் சில விடுமுறைக்குத் தீவுகளை நாடிச் செல்கின்றன. சென்றவர்கள் 'ஸ்நார்க்லிங்' என்ற சொல்லோடு திரும்புகிறார்கள். கண்ணாடி முகமூடி அணிந்து, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, நீரின்மேல் குப்புற மிதந்தபடி கடலடியைக் காண்பதற்கு அப்பெயர்.

கடந்த சங்கராந்தி விடுமுறையில் நாங்களும் அந்தமானுக்குச் சென்று வந்தோம். வந்த நாள் முதல் அன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "எந்த இடம் நன்றாக இருக்கிறது?" இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை கூற இயலவில்லை. எந்த மாதம், எந்த நேரம், யார் இறங்கப் போகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் இடத்தைக் கூற முடியும். மூன்றனுள்ளும் இறுதியானதே முதன்மையானது என்பது என் கருத்து. அதை விளக்கவே இக்கட்டுரையை எழுதலானேன்.

முதலில், இவ்வளவு தொலைவு செல்வது எதற்கு என்று கேட்போர் உண்டு. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காட்டு ஏரியின் ஒரு பகுதியும் அதனுள் வந்தன. ஆகவே நம் மாவட்டத்துக்கே கடற்கரை உண்டு. ஆயினும் அங்கே பவளப் பாறைகளைக் காண இயலாது. பவளப்பூச்சி மிகச் சிறிய உயிர். தெளிந்த நீரும், அடிவரை பாயும் கதிரொளியும், குன்றாத உப்பும் இருந்தால்தான் அது வீடு கட்டும். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சுவர்ணமுகி, சித்தூர் மலைகளில் தோன்றிக் காளத்தியைத் தொட்டு, மழைக்காலத்தில் வண்டலைச் சுமந்துகொண்டு வங்கக் கடலில் கலக்கிறது. வடக்கே பெண்ணாறும் அவ்வாறே. ஆறு கொணரும் சேறு வயலுக்கு வாழ்வு. பவளத்துக்கோ அதுவே சாவு. பெரிய ஆறுகள் வந்து கலவாத தீவுகளை நாடுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, மாதம். இலங்கைத் தீவு ஒன்றே இதற்குத் தக்க சான்று. திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. அதே இலங்கையின் தென்மேற்கிலுள்ள ஹிக்கடுவையிலோ நவம்பர் முதல் ஏப்ரல் வரையே கடல் தெளிந்து நிற்கும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசைக் கரை கலங்கும், எதிர்க்கரை தெளியும். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பதோ ஜனவரியில். ஆகவே புறாத்தீவு எங்களுக்கு விலகியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தவுடன் சென்று நீராடும் இடமல்ல. இலட்சத்தீவின் உட்கடல் குளம்போல் அமைதியானது என்பர்; ஆனால் முன் அனுமதி பெற்று, பெரும்பாலும் கொச்சி வழியாகச் செல்ல வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியான வானூர்திப் பயணத்தில் அடையும் அந்தமானே எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதாயிற்று. கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள் ஆகும்.

நிற்க. எங்கள் வீட்டில் இருப்போர் நால்வர். என் மகள் வேலைக்குச் சென்று தன் முதல் ஆண்டுச் சேமிப்பில் இப்பயணத்தை ஏற்பாடு செய்தாள். மகன் கல்லூரியில் படிக்கிறான். இருவரும் திருப்பதியில் வளர்ந்தவர்கள். அவர்கள் அறிந்த நீர், மழைக்காலத்தில் கபில தீர்த்தத்தில் விழும் அருவியும் தலக்கோனாவின் குளிர்ந்த சுனையுமே. என் மனைவியோ காவிரிக் கரையில் பிறந்தவள். ஆயினும் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கியவள் அல்லள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஏழு வயதுத் தம்பி ஊர்க் குளத்தில் மூழ்கி இறந்துபோனான். திருமலைப் புஷ்கரிணியிலும் படியில் நின்று, கையால் நீரள்ளித் தலையில் தெளித்துக்கொள்வாளேயன்றி இறங்கமாட்டாள். மணமாகி இருபத்தேழு ஆண்டுகளில் நான் அவளை இறங்கும்படி வற்புறுத்தியதும் இல்லை.

பயணத் திட்டத்தை மகள் விரித்துப் படித்தபோது, அவள் சொன்னாள்: "நீங்கள் மூவரும் தண்ணீரில் இறங்குங்கள். நான் கரையில் பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அன்பர்களே, நம் குடும்பங்களில் பைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எப்போதும் உண்டு. பெரும்பாலும் அவர் வீட்டுத் தாய்தான். அவர் அதைக் குறையாகக் கூறுவதில்லை, நாமும் கேட்பதில்லை. அன்று என் மகள் கேட்டாள்: "அம்மா, நீயும் இறங்கக்கூடிய இடம் ஒன்று இருந்தால்?" அதன்பின் எங்கள் தேர்வின் அளவுகோலே மாறிவிட்டது. எங்கே மீன்கள் மிகுதி என்று தேடுவதை நிறுத்தி, எங்கே காலை ஊன்றி நிற்கலாம் என்று தேடத் தொடங்கினோம்.

அந்தமானில் பலரும் கூறும் இடங்கள் நான்கு. முதலாவது, தலைநகருக்கு எதிரேயுள்ள வடக்கு வளைகுடா. தலைநகரின் பெயர் 2024 வரை போர்ட் பிளேர்; இப்போது ஸ்ரீ விஜயபுரம். படகேறிச் சற்று நேரத்தில் அடையலாம். பல விளையாட்டுகளுக்கும் அதுவே இடம் ஆதலால் கூட்டமும் மிகுதி. இரண்டாவது, வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. 1983-இல் அமைந்த இப்பூங்காவில் 15 தீவுகள் உள்ளன. அவற்றுள் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்னும் இரு தீவுகளையும் பருவம் பார்த்து மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்று மக்களை ஏற்கும்போது மற்றொன்று ஓய்வு கொள்கிறது. பிளாஸ்டிக்கைக் கொண்டுசெல்ல இடமில்லை, திங்கட்கிழமை விடுமுறை, முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்தே பவளங்களைக் காணலாம் என்பதால் முதியவர்களுக்கு ஏற்றது. மூன்றாவது, சுவராஜ் தீவிலுள்ள யானைக் கடற்கரை. ஹேவ்லாக் என்று வழங்கிய அத்தீவுக்கு 2018-இல் இப்பெயர் சூட்டப்பட்டது. புகழ் மிக்க இடம். படகுகள் ஓயாமல் வந்து போகும். நான்காவது, அதே ஆண்டில் ஷஹீத் தீவு என்று பெயர் பெற்ற நீல் தீவிலுள்ள பரத்பூர் கடற்கரை. அங்கே நெடுந்தொலைவுக்கு ஆழமில்லை, அடியில் மணல், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம்.

மகன் யானைக் கடற்கரையை விரும்பினான். "அப்பா, எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்" என்றான். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த திட்டத்திலும் அதுவே முதல் நாளில் இருந்தது. நாங்கள் வரிசையை மாற்றினோம், எதையும் விலக்கவில்லை. எளிய நீர் முதலில், புகழ்பெற்ற நீர் பிறகு என்று அமைத்தோம்.

இனி, நேரம். பரத்பூரில் கடல் வற்றியிருக்கும்போது சென்றால் பவளத்தின்மேல் நீர் போதாது. காலும் கிழியும், பவளமும் ஒடியும். ஏற்றம் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டிச் செல்ல வேண்டும். அதே தீவில் கல்லாலான இயற்கைப் பாலம் ஒன்று உண்டு. அதை வற்றத்தில்தான் காண முடியும். ஆகவே ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்தால் அன்றைய நாளின் திட்டம் தானே அமைந்துவிடும். காலை ஒளி கடலடியை நன்கு காட்டும். அங்கே கதிரவன் மிக விரைவில் மறைவதால் பிற்பகலை நம்பலாகாது.

நாங்கள் இறங்கிய காலை காற்றில்லை. எங்களுக்குத் துணை வந்த இளைஞர் பரமக்குடிப் பக்கத்து மரபினர், அந்தமானிலேயே பிறந்தவர். என் மனைவிக்கு மிதவைச் சட்டையை அணிவித்து, இடுப்பளவு நீரில் நிறுத்தி, "அம்மா, கீழே மணல்தான். எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம்" என்றார். அவள் வளையத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு முகத்தை நீரில் வைத்தாள், உடனே எடுத்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை எடுக்கவில்லை. மகள் ஒருபுறமும் நான் ஒருபுறமும் நடக்க, இளைஞர் வளையத்தை மெல்ல இழுத்துச் சென்றார். கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்தன. கடலட்டை ஒன்று மணலில் கிடந்தது. நீருக்குள் யாவும் கால் பங்கு அருகில் இருப்பதுபோல் தோன்றும். ஆதலால் அவள் இருமுறை கையை நீட்டி, பின் தானே மடக்கிக்கொண்டாள். ஏறத்தாழ பத்து நிமிடம்.

கரையேறி வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தண்ணீருக்குள் ஒரே இருட்டாக இருக்கும் என்றுதான் இத்தனை ஆண்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வெளிச்சமா இருக்கிறது!" அவள் யாரை எண்ணி அதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கலாம். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

செல்லவிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். அனுமதித்த இடத்தில் மட்டுமே இறங்குங்கள். 2010-ஆம் ஆண்டில் ராதாநகர் கடற்கரையை அடுத்த ஒரு சிறு வளைகுடாவில், இவ்வாறே மிதந்து கடலடியைப் பார்த்துக்கொண்டிருந்த அயல்நாட்டுப் பெண்ணொருவரை உவர்நீர் முதலை கொன்றது. அலையாத்திக் காடுகளும் கழிமுகங்களும் முதலைக்கு உரியவை. எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாகக் கருதலாகாது. இதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே முடிவு செய்க. விளம்பரப் படத்தை நம்பி இடம் தேராதீர்கள். 2010-இலும் 2016-இலும் கடல்நீர் மிகச் சூடேறியதால் அந்தமானில் பவளங்கள் பல வெளுத்தன. படத்தில் காணும் நிறம் நேரில் இல்லாதிருக்கலாம். வெயிலுக்குக் களிம்பு பூசுவதினும் முழுக்கைச் சட்டை அணிவதே நன்று. களிம்புகளிலுள்ள சில பொருள்கள் பவளத்துக்குத் தீங்கானவை என்று கருதி, ஹவாய் மாநிலம் 2021 முதல் அவை கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. பவளத்தின்மேல் நிற்காதீர்கள். உருண்டைப் பவளம் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். நம் ஒரு மிதியில் ஒடிவது ஒரு தலைமுறையின் வளர்ச்சி. ஒரு துண்டைக்கூட நினைவுப் பொருளாகக் கொண்டுவருதல் சட்டப்படி குற்றம்.

மறுநாள் யானைக் கடற்கரைக்கும் சென்றோம். மகன் விரும்பிய மீன்களையெல்லாம் கண்டான்; பரத்பூரில் மூச்சுவிடப் பழகியிருந்தமையால் அவனுக்கு அச்சமும் இல்லை. என் மனைவி அன்று இறங்கவில்லை. ஆழம் மிகுதி என்று அவளே முடிவு செய்தாள். கரையில் பைகளோடுதான் அமர்ந்திருந்தாள். ஆனால் முதல் நாள் இறங்கிப் பார்த்தவள், மறுநாள் வேண்டாம் என்று தானே தேர்ந்து அமர்ந்தாள். இறங்க இடமே இல்லாமல் அமர்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

ஆதலால் அடுத்த விடுமுறைக்குத் தீவுகளின் படத்தை விரிக்கும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் கூறுவது இதுதான்: வீட்டில் நீரைக் கண்டு மிகவும் அஞ்சுபவர் யாரோ, அவரை முதலில் கேளுங்கள். அவருக்கு ஏற்ற கடலை முதல் நாளில் வையுங்கள். நீந்தத் தெரிந்தவர்கள் எந்தக் கடலிலும் மகிழ்வார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பொறுக்கலாம்.